கடல் கடந்த காட்சி

2012-ம் வருஷம் ஜூலை மாதம் 27-ந் தேதி இரவு, லண்டன் மாநகரில் ஒலிம்பிக் பந்தயங்களின் ஆரம்ப விழா வெகு விமரிசையாக நடைபெற்றது. அந்த விழாவின் நடுவே ஆரவாரமெல்லாம் சற்று நேரம் அடங்கியது. காலஞ்சென்ற உற்றார் உறவினரின் படங்கள் திரையில் தோன்றின. ஒரு பெண்மணி பழைய கிறிஸ்தவ கீதம் ஒன்றைப் பாட, நடனக்காரர்கள் மெல்ல அசைந்து ஆடினார்கள். ஏழு வருஷங்களுக்கு முன்னால், 2005-ம் வருஷம் ஜூலை 7-ந் தேதி, லண்டன் சுரங்க ரயில்களிலும் ஒரு பஸ்ஸிலும் வெடித்த குண்டுகளுக்கு 52 பேர் பலியானார்கள் அல்லவா? அவர்களுக்குச் செய்த அஞ்சலி அது என்றே பார்த்தவர்களில் பலரும் கொண்டனர்.

அமெரிக்க ஜனங்களுக்கு அந்தப் பகுதி காட்டப்படவில்லை. அத்தேசத்தில் விழாவைக் காட்டும் உரிமையை விலை கொடுத்து வாங்கியிருந்த என்.பி.ஸி. ஸ்தாபனத்தார், விழா நடக்கும்போதே அதைக் காட்டவில்லை. சில மணி நேரம் நிறுத்தி வைத்து, தம் நாட்டார் சாவகாசமாக வீட்டில் உட்கார்ந்திருக்கும் இராப் பொழுதில் காட்டினார்கள். அப்படிக் காட்டும்போது மேற்சொன்ன பகுதியை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் மைக்கேல் பெல்ப்ஸ் என்ற நீச்சல் வீரருடன் எடுத்த பேட்டி ஒன்றை நுழைத்தார்கள். இதைக் குறித்து மறு நாள் எழுந்த கண்டனம் கொஞ்சமல்ல.

ஆனால் அதே இரவில், அதே அமெரிக்காவில் இருந்துகொண்டு, விழா முழுவதையும் ஓர் எழுத்துக் குறையாமல் பார்த்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் இன்டர்நெட் என்னும் வலையின் வழியாக, பிரிட்டனில் பி.பி.ஸி. நடத்திய டெலிவிஷன் ஒளிபரப்பை எட்டிப் பார்த்தவர்கள். அவர்கள் அதற்காகக் கையாண்ட உபாயம் பி.பி.ஸி.யின் விதிகளுக்கு ஒத்ததன்று. என்றாலும், நடந்தது நடந்தபடி யாருக்குத் தெரிந்தது என்று கேட்டால், அவர்களுக்குத்தான் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி பிறக்கிறது. ஒரு குடும்பத்தார் தம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, கடலுக்கு அப்பால் நடப்பதில் எதைக் காணலாம், எதைக் காணலாகாது என்று தீர்மானிக்கிறவர் யார்? இன்று வீட்டுக்கு வீடு கைப்பேசியும் டெலிவிஷனும் வந்துவிட்ட காலத்தில், இந்தக் கேள்வி மேல்நாட்டாருக்கு மட்டும் உரியதன்று. ஆகையால் நாம் அதைக் கொஞ்சம் விரிவாகவே ஆராயலாம்.

காற்றுக்கு வேலி

டெலிவிஷன் பிறந்த நாள் முதலாகவே அதற்கு எல்லைக் கல் நாட்ட முயன்றவர்கள் உண்டு. 1961-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பெர்லின் நகரத்தின் குறுக்கே சுவர் எழுந்தது. அடுத்த மாதமே கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிஸ்டு வாலிபர் சங்கத்தார் வீட்டுக் கூரைகளின்மேல் ஏறினார்கள். மேற்கு ஜெர்மனியின் ஒளிபரப்பை வாங்குவதற்காக அந்தத் திசையை நோக்கி நிறுத்தியிருந்த ஏரியல்களைத் திருப்பினார்கள். சிலவற்றைக் கழற்றியும் போட்டார்கள். ஆனால் கூரைக்குக் கூரை காவல் வைக்க எந்தச் சர்க்காரால் முடியும்? நாளடைவில் கிழக்கு ஜெர்மானியர் பகலில் ஒரு ராஜ்யத்திலும் இரவில் மற்றொரு ராஜ்யத்திலும் வாழ்ந்தவர்கள் போல ஆனார்கள். டிரெஸ்டன் நகரத்தைச் சுற்றியுள்ள பிரதேசமோ மேற்குக் கோபுரங்களுக்கு வெகு தூரத்தில் இருந்தமையால் அங்கே காட்சி எட்டவில்லை. அதற்கு 'ஒன்றும் அறியாதோர் பள்ளத்தாக்கு' என்றே மற்ற ஊரார் பரிகாசப் பெயர் வைத்திருந்தார்கள்.

எஸ்டோனியாவில் நடந்ததும் இது போன்றதே. சோவியத் ஆட்சிக்கு உட்பட்டிருந்த அந்தச் சிறு நாட்டின் தலைநகரான டால்லினுக்கும், பின்லாந்தின் தலைநகரான ஹெல்ஸிங்கிக்கும் இடையே சுமார் 80 கிலோமீட்டர் அகலமுள்ள கடல்தான் உண்டு. எஸ்டோனிய மொழியும் பின்னிஷ் மொழியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. டால்லின் நகர மக்கள் பின்லாந்து டெலிவிஷனைப் பார்த்துப் பார்த்து, பள்ளிக்கூடம் போகாமலே அம்மொழியைக் கற்றுக்கொண்டார்கள். வெளி உலகம் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

நம் பக்கத்திலும் இதற்கு உதாரணம் இல்லாமற் போகவில்லை. இலங்கையில் ரூபவாஹினி 1982-ம் வருஷம் தொடங்கியது. சென்னையில் 1975-ம் வருஷமே டெலிவிஷன் நிலையம் ஏற்பட்டுவிட்ட போதிலும், அதன் ஒளிபரப்பு தென்கோடிக்கு எட்டவில்லை. ஆகவே நம் தெற்குக் கடற்கரை ஊர்களில் உயரமான கம்பம் நட்டு, இலங்கையை நோக்கி ஏரியலைத் திருப்பி வைத்தவர்கள் பலர். அந்த நாளில் டெலிவிஷன் என்றாலே அவ்வூர்க் குழந்தைகளுக்கு ரூபவாஹினிதான்.

விலாசம் கண்டு கதவு திறத்தல்

ஏரியல் காலத்தில் தூரம் ஒன்றே தடை. இன்டர்நெட் வந்த பிறகு அந்தத் தடை அறவே ஒழிந்தது. லண்டனில் ஓடும் காட்சியைக் கும்பகோணத்தில் காண்பதற்கு யந்திர ரீதியான இடையூறு எதுவும் இல்லை. ஆகவே இயற்கை விட்ட இடத்தில் மனிதர்கள் வேலி கட்டினார்கள்.

அந்த வேலி கட்டிய விதம் வேடிக்கையானது. இன்டர்நெட்டில் சேரும் ஒவ்வொரு யந்திரத்துக்கும், தபால் விலாசம் போன்ற ஓர் எண் உண்டு. பழைய முறைப்படி அமைந்த விலாசங்கள் மொத்தம் சுமார் 429 கோடி. உலகத்தை ஐந்து பிராந்தியங்களாகப் பிரித்து, பிராந்தியத்துக்கு ஒன்றாக ஐந்து பதிவு ஸ்தாபனங்கள் இந்த எண்களைப் பங்கிட்டுத் தருகின்றன. ஆசியாவுக்கும் பசிபிக் தீவுகளுக்கும் உரிய பதிவு ஸ்தாபனம் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தில் இருக்கிறது. இன்ன எண் இன்ன தேசத்தைச் சேர்ந்தது என்று காட்டும் பேரேடுகளும் ஏற்பட்டுவிட்டன. நாம் ஒரு காட்சியைக் கேட்டவுடன், எதிர்த் தரப்பில் உள்ள யந்திரம் நம் எண்ணைப் பேரேட்டில் பார்க்கிறது. 'இவர் நம் நாட்டார் அல்லர்' என்று கண்டால் கதவைச் சாத்திவிடுகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் இவ்வளவும் நடந்துவிடுகிறது.

கதவைச் சாத்துவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். ஒரு மாந்தோப்பை உடையவர், மரத்துக்கு மரம் தனித்தனியே குத்தகைக்கு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வடக்கு வரிசையைக் குத்தகை எடுத்தவர் தெற்கு வரிசையில் கை வைக்கலாகாது. சினிமாவும் நாடகமும் பந்தயங்களும் தேசத்துக்குத் தேசம் இவ்வாறே குத்தகைக்கு விடப்படுகின்றன. பிரிட்டனில் காட்டும் உரிமையை மாத்திரம் வாங்கியவர் இந்தியாவுக்குக் காட்டினால், இந்தியக் குத்தகைக்காரர் வழக்குக்கு வருவார். படம் எடுப்பவர், பாட்டு எழுதுபவர், பந்தயம் நடத்துபவர் ஆகிய பலருக்கும் ஜீவனம் இந்தக் குத்தகைப் பணத்திலிருந்துதான் வருகிறது. ஆகையால் வேலி கட்டினவர்கள் எல்லாரும் அநியாயக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது.

பி.பி.ஸி.யின் விஷயத்தில் வேறொரு நியாயமும் இருக்கிறது. 2007-ம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று அந்த ஸ்தாபனத்தார் ஐபிளேயர் என்ற இன்டர்நெட் சேவையைத் தொடங்கினார்கள். பிரிட்டனில் டெலிவிஷன் பார்க்கும் குடும்பங்கள் வருஷந்தோறும் லைசென்ஸ் கட்டணம் செலுத்த வேண்டும். 2025-ம் வருஷம் ஏப்ரலில் அந்தக் கட்டணம் 174 பவுன் 50 பென்ஸாக உயர்ந்தது. 2016-ம் வருஷம் செப்டம்பர் முதல் தேதியிலிருந்து ஐபிளேயரைப் பார்ப்பதற்கும் லைசென்ஸ் அவசியம் என்று விதித்துவிட்டார்கள். தம் ஜனங்கள் வரி போலக் கொடுத்த பணத்தில் தயாரானதை, பணம் கொடாத அயல் நாட்டாருக்கு எப்படித் திறந்துவிடுவது என்பது அவர்களுடைய வாதம்.

மேற்பார்வை விலாசம்

வேலி ஏற்பட்டால் அதைத் தாண்டும் வழியும் ஏற்படத்தானே செய்யும்? வி.பி.என். என்ற மூன்று எழுத்துக்களால் வழங்கும் உபாயம் அத்தகையது. வெளியூரில் தங்கியிருப்பவர், 'மேற்பார்வை இன்னார்' என்று நண்பரின் விலாசத்தைக் கொடுத்துக் கடிதம் பெறுவதை நாம் அறிவோம். அது போல, சென்னையில் இருப்பவர் லண்டனில் உள்ள ஒரு யந்திரத்தின் விலாசத்தைத் தமக்கு மேற்பார்வை விலாசமாக வைத்துக்கொள்கிறார். அவர் அனுப்பும் கோரிக்கை பிறர் படிக்கவியலாதபடி மூடி முத்திரையிடப்பட்டு லண்டனுக்குப் போகிறது. அங்கிருந்து உள்ளூர்க் கோரிக்கை போலப் புறப்படுகிறது. காட்சியும் அதே வழியாகத் திரும்பி வருகிறது.

இந்த உபாயத்துக்கு எதிர் உபாயமும் உண்டு. ஒரே விலாசத்திலிருந்து ஆயிரக்கணக்கான பேர் வந்தால், அது ஒரு குடும்பத்தின் விலாசம் அன்று என்பது வெளிப்படை. இவ்வாறு ஊகித்துத்தான் 2015-ம் வருஷத்தில் பி.பி.ஸி. பல வி.பி.என்.களுக்குக் கதவை அடைத்தது. 2016-ம் வருஷம் ஜனவரியில் நெட்பிளிக்ஸ் கம்பெனியார் ஒரே நாளில் 130-க்கு மேற்பட்ட தேசங்களில் தம் சேவையைத் தொடங்கினார்கள். நம் தேசமும் அவற்றில் ஒன்று. ஆனால் அதற்கு அடுத்த வாரமே, ஒரு நாட்டில் இருந்துகொண்டு மற்றொரு நாட்டுக் காட்சிகளைப் பார்ப்பதைத் தடுக்கப் போவதாகவும் அறிவித்தார்கள்.

ஊரை விட்டுப் போனவர்கள்

வேலி தாண்டுகிறவர்கள் எல்லாரும் பிறர் பொருளைக் கவர வந்தவர்கள் என்று நினைப்பது பிசகு. அவர்களில் பெரும் பகுதியினர், தம் சொந்த நாட்டுக் காட்சியைப் பிற நாட்டில் இருந்து காண விரும்புகிறவர்கள்.

அமெரிக்காவில் பிளேக் கிரிகோரியன், ஜேஸன் கிரிகோரியன் என்ற சகோதரர் இருவர் இருந்தனர். ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்துப் பேஸ்பால் கோஷ்டியிடம் அவர்களுக்கு அளவற்ற பற்று. வெளியூர் போகும்போது தம் கோஷ்டி ஆடுவதைப் பார்க்க இயலவில்லையே என்ற குறை அவர்களை ஒரு யந்திரம் செய்யத் தூண்டியது. வீட்டு டெலிவிஷனில் வரும் காட்சியை வாங்கி, இன்டர்நெட் வழியாக, உடையவர் இருக்கும் இடத்துக்கு அனுப்பும் ஸ்லிங்பாக்ஸ் என்ற பெட்டி 2005-ம் வருஷம் விற்பனைக்கு வந்தது. அது பதினைந்து வருஷம் விற்பனையில் இருந்தது. 2022-ம் வருஷம் நவம்பர் 9-ந் தேதி கம்பெனியார் தம் யந்திரங்களை நிறுத்தியபோது, வீடுகளில் இருந்த பெட்டிகள் யாவும் பயனற்றுப் போயின.

ஜப்பானில் இதே விஷயம் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயிற்று. வெளிநாட்டில் வாழும் ஜப்பானியர்கள் இது போன்ற ஒரு பெட்டியை விலைக்கு வாங்கி, டோக்கியோவில் மானெகி டி.வி. என்ற சேவையை நடத்தியவரிடம் ஒப்படைப்பார்கள். அவர் அதில் ஏரியலை இணைத்து வைப்பார். உடையவர் அயல் நாட்டிலிருந்து தாய்மொழியில் செய்தியும் நாடகமும் பார்ப்பார். பெட்டியோ அவரவருடையது, பார்ப்பவரும் ஒருவரே. ஆயினும் 2011-ம் வருஷம் ஜனவரி 18-ந் தேதி கோர்ட்டார், சேவை நடத்துபவரே காட்சியை அனுப்புகிறவர் ஆகிறார் என்று கூறி, டெலிவிஷன் ஸ்தாபனங்களின் பக்கமே தீர்ப்பளித்தார்கள்.

சட்டத்தின் கண் இவ்வாறு பார்த்தாலும், மனித இருதயம் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறது. தூர தேசத்தில் பிழைக்கப் போனவருக்குத் தாய்மொழியில் ஒரு மணி நேரச் செய்தி என்பது வெறும் பொழுதுபோக்கா? அங்கே பிறந்த குழந்தைகள் பாட்டி பேசும் பாஷையை மறவாமல் இருப்பதற்கு அதைவிட எளிய சாதனம் உண்டா?

இந்த நியாயத்தை ஐரோப்பியர் ஓரளவு உணர்ந்தார்கள். 2018-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஐரோப்பிய யூனியனில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. சந்தா செலுத்தி இன்டர்நெட்டில் காட்சி பார்க்கும் ஒருவர், யூனியனைச் சேர்ந்த மற்றொரு நாட்டுக்குச் சில காலம் போனால், அவருடைய சந்தாவும் அவர் கூடவே போகும். பாரிஸில் பணம் கட்டியவர் ரோமாபுரியில் விடுமுறையைக் கழிக்கும்போதும் வீட்டில் இருப்பது போலவே பார்க்கலாம். யூனியனை விட்டு விலகிய பிரிட்டனுக்கு 2021-ம் வருஷம் பிறந்த நாள் முதல் இந்தச் சௌகரியம் இல்லை.

மது விடுதியில் பிறந்த வழக்கு

இந்தத் துறையில் சாமானியர் ஒருவர் பெரிய ஸ்தாபனங்களை எதிர்த்து நின்ற வழக்கும் உண்டு. போர்ட்ஸ்மவுத் நகரத்தில் மது விடுதி நடத்திவந்த காரென் மர்பி என்ற ஸ்திரீ, இங்கிலீஷ் கால்பந்தாட்டங்களைத் தம் விடுதியில் காட்ட விரும்பினார். உள்ளூர்க் கட்டணம் கட்டுபடியாகவில்லை. ஆகவே கிரீஸ் தேசத்தில் முறைப்படி பணம் கட்டி வாங்கக்கூடிய அட்டையைப் பெற்று, அந்நாட்டு ஒளிபரப்பைக் காட்டினார். அவர் மீது வழக்குத் தொடர்ந்து, அபராதமும் செலவுமாக 8,000 பவுனுக்குச் சமீபமாக விதித்தார்கள். அந்த அம்மாள் சளைக்கவில்லை. ஐரோப்பிய நீதிமன்றம் வரையில் வழக்காடினார். 2011-ம் வருஷம் அக்டோபர் 4-ந் தேதி, பிற நாட்டு அட்டையை வாங்கி உபயோகிப்பதைத் தடுக்கும் சட்டம் யூனியனின் சுதந்திர வர்த்தகக் கொள்கைக்கு விரோதமானது என்று தீர்ப்பாயிற்று. அடுத்த வருஷம் அவர் மீதிருந்த குற்றமும் நீங்கியது.

ஆனால் அதே தீர்ப்பில் மற்றொரு முடிச்சும் இருந்தது. ஆட்டத்துக்கு யாரும் ஆசிரியர் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் ஆட்டத்தின் முன்னால் வரும் சங்கீதத்துக்கும் சித்திரங்களுக்கும் உரிமை உண்டு. பலர் கூடும் விடுதியில் அவற்றைக் காட்ட அனுமதி வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். அட்டை வாங்கலாம், ஆனால் பாட்டு வரும்போது திரையை மூடிக்கொள்ள வேண்டும் என்கிற கதையாக முடிந்தது!

செய்திக்கும் பூட்டா?

கால்பந்தும் நாடகமும் இருக்கட்டும். செய்தியின் விஷயம் என்ன? இங்கேதான் இந்தப் பிரச்னையின் உண்மையான கனம் தெரிகிறது.

2011-ம் வருஷம் ஜனவரி மாதக் கடைசியில் எகிப்து தேசத்து மக்கள் கெய்ரோ நகரத்துத் தஹ்ரீர் சதுக்கத்தில் திரண்டார்கள். அங்கே நடந்ததை இராப்பகலாகக் காட்டிக்கொண்டிருந்தது அல் ஜஸீராவின் ஆங்கில ஒளிபரப்பு. அமெரிக்காவிலோ, வாஷிங்டன் முதலிய இரண்டொரு இடங்களைத் தவிர, கேபிள் கம்பெனிகள் அதை ஏற்றுக் காட்டவில்லை. ஆகவே அமெரிக்க ஜனங்கள் ஆயிரமாயிரமாக இன்டர்நெட்டுக்குத் திரும்பி, அங்கே அதைப் பார்த்தார்கள். பிப்ரவரி 11-ந் தேதி ஹோஸ்னி முபாரக் பதவி துறந்த செய்தியை அவர்களில் பலர் அந்த வழியாகத்தான் கண்டறிந்தார்கள்.

பின்னர் நடந்ததைக் கேளுங்கள். 2013-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அல் ஜஸீரா ஸ்தாபனத்தார் அமெரிக்காவுக்கென்றே தனியாக ஒரு கேபிள் நிலையம் தொடங்கினார்கள். கேபிள் கம்பெனிகளின் உடன்படிக்கைக்கு இணங்கி, அதுவரையில் இன்டர்நெட்டில் இலவசமாக ஓடிக்கொண்டிருந்த ஆங்கில ஒளிபரப்பை அமெரிக்கர்களுக்கு மட்டும் அடைத்துவிட்டார்கள்! அமெரிக்காவில் காலூன்ற வந்தவர்கள், அமெரிக்கர் தாமாகவே தேடி வந்த கதவைப் பூட்டினார்கள். 2016-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அந்தக் கேபிள் நிலையமும் மூடப்பட்டது.

அல் ஜஸீராவும் கட்டார் சர்க்காரின் பொருளுதவியால் நடப்பதே. அது சொல்வதெல்லாம் வேதவாக்கு அன்று. அதனால்தான் ஒரு நாட்டார் காட்டுவதை மற்றொரு நாட்டார் காட்டுவதோடு ஒத்துப் பார்க்கும் வழி ஜனங்களுக்கு வேண்டியிருக்கிறது. வியாபாரிகள் மட்டுமன்றிச் சர்க்கார்களும் பூட்டுப் போடுவது உண்டு. 2022-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஐரோப்பிய யூனியன் ருஷ்ய சர்க்காரின் ஆர்.டி. நிலையத்தைத் தடை செய்தது. அதே மாதத்தில் ருஷ்ய சர்க்கார் பி.பி.ஸி.யின் இன்டர்நெட் பக்கங்களை அடைத்தது. அப்போது பி.பி.ஸி. என்ன செய்தது தெரியுமா? உக்ரேனுக்கும் ருஷ்யாவின் சில பகுதிகளுக்கும் தினம் நான்கு மணி நேரம் சிற்றலை ரேடியோவில் செய்தி ஒலிபரப்பியது. நூதன யந்திரம் கைவிட்ட இடத்தில் தாத்தா காலத்து ரேடியோ கைகொடுத்தது.

நம் வீடுகளுக்கு

இனி, நம் வாசகக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை சில. பூட்டாத கதவுகளே அநேகம் இருக்கின்றன. ஜப்பானின் என்.ஹெச்.கே. நடத்தும் உலகச் சேவை, ஜெர்மனியின் டி.டபிள்யூ., பிரான்ஸின் பிரான்ஸ் 24, அல் ஜஸீரா ஆகியவற்றின் ஆங்கில ஒளிபரப்புகளை இங்கிருந்தபடியே செலவின்றி, ஒளிவு மறைவின்றிப் பார்க்கலாம். பூகோளப் பாடம் வாசிக்கும் பையனுக்கும் பெண்ணுக்கும், ஜப்பானியக் கிராமத்தில் நாற்று நடுவதையும் ஜெர்மன் தொழிற்சாலையில் வேலை நடப்பதையும் ஜப்பானியரும் ஜெர்மானியருமே காட்டுவதைக் காட்டிலும் நல்ல உபகரணம் கிடையாது. வாரத்தில் ஓர் இரவு, ஒரே செய்தியை இரண்டு நாட்டு நிலையங்களில் பார்த்துவிட்டு, எங்கே வேறுபடுகிறது என்று குழந்தைகளைக் கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் நாம் ஒரு மாதம் சொல்லிக் கொடுப்பதை அவர்கள் அந்த ஓர் இரவில் தாமாகவே தெரிந்துகொள்வார்கள்.

வி.பி.என்.னைப் பற்றி ஒரு வார்த்தை. நம் தேசத்தில் அதை உபயோகிப்பது மாத்திரத்தால் குற்றமாகிவிடாது. பல ஆபீஸ்களில் பத்திரத்துக்காக அதையே உபயோகிக்கிறார்கள். 2022-ம் வருஷம் ஏப்ரலில் இந்திய சர்க்கார், வி.பி.என். கம்பெனிகள் தம் வாடிக்கைக்காரர்களின் விவரங்களை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. சில கம்பெனிகள் இங்கிருந்த தம் யந்திரங்களை அகற்றிக்கொண்டு போயின. ஆனால் அதைக் கொண்டு ஒரு சேவையின் நிபந்தனையை மீறினால், சந்தா ரத்தாவதற்கு இடம் உண்டு. மேலும், நம் கடிதங்கள் எல்லாம் மேற்பார்வை விலாசக்காரர் கை வழியே போகின்றன என்பதை மறக்கலாகாது. இலவசமாக இந்த வேலையைச் செய்கிறேன் என்கிறவர் எதனால் ஜீவிக்கிறார் என்று விசாரித்த பிறகே அவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டும்.

சர்க்கார்களும் ஸ்தாபனங்களும் செய்ய வேண்டியதும் உண்டு. விளையாட்டுக்கும் சினிமாவுக்கும் குத்தகை இருக்கட்டும். அதற்கு நியாயமான விலையை எந்த நாட்டிலிருந்தும் செலுத்த வழி வைக்கட்டும். பி.பி.ஸி.யே 2011-ம் வருஷத்தில் அயல் நாட்டாருக்கெனச் சந்தா ஐபிளேயர் ஒன்றை நடத்திப் பார்த்து, 2015-ம் வருஷத்தில் மூடிவிட்டது. பணம் கொடுக்கத் தயாராக இருப்பவருக்கும் வாசல் இல்லை என்றால், அவர் சுவர் ஏறத்தான் செய்வார். சந்தா செலுத்திய பிரயாணியோடு அவர் சந்தாவும் போகட்டும் என்ற ஐரோப்பியச் சட்டத்தை மற்ற நாடுகளும் பின்பற்றலாம். செய்திக்கும், ஒரு ஜன சமூகம் தன் துக்கத்தையும் சந்தோஷத்தையும் உலகத்தின்முன் வைக்கும் விழாக்களுக்கும், எல்லை கட்டாமல் இருப்பதே முறை.

லண்டன் நகரத்தார் தம் இறந்தவர்களை நினைத்துக் கண்ணீர் விட்டார்கள் என்பது எந்தக் குத்தகைக்காரருக்கும் சொந்தமான சரக்கு அன்று. அதைக் காண விரும்பிய அமெரிக்கத் தாய் ஒருத்திக்கு அந்த உரிமை உண்டு. நாளைக்கு நம் நாட்டுச் செய்தியை நடந்தபடி அறிய விரும்பும் அயல் நாட்டாருக்கும் அதே உரிமை உண்டு.